அக்கூஸ்டிக் கிட்டாரில் ராக், மெட்டல்: எந்தப் பாட்டில் தொடங்கலாம்? மழைக்குக் கம்பியும் தூக்கிக்கொண்டது

ஆறுகம்பி, குன்னூர்

எல்லோருக்கும் வணக்கம். பெட்போர்டு பக்கம் இருக்கிறேன், பெண்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அண்ணன் (சித்தப்பா மகன்) வேலைக்கு வெளியூர் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டாரில் கோடையில் இருந்து பழகுகிறேன். ஆம்ப் கிடையாது. இ மைனர், ஜி, சி, டி ஆகிய நான்கு கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஓரளவு சுத்தமாக விழுகின்றன. எஃப் மட்டும் பிடிக்கவே வரவில்லை.

நான் கேட்பதெல்லாம் பிளாக் சபாத், மெட்டாலிகா, நிர்வானா. கிட்டார் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "எஃப் வராமல் மெட்டல் பக்கமே வராதே, முதலில் எலெக்ட்ரிக் வாங்கு" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இப்போது அதற்கு வழியில்லை.

என் சந்தேகங்கள் இவைதான். அக்கூஸ்டிக்கிலேயே வாசிக்கக்கூடிய ராக், மெட்டல் பாட்டுகள் எவை, எந்த வரிசையில் போகலாம்? ஐப்பசி மழை தொடங்கியதில் இருந்து ஐந்தாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தாண்டினால் கம்பி மிகவும் உயரமாக இருக்கிறது. அழுத்தினால் விரல் நுனி வெந்துபோகிறது. கோடையில் இப்படி இல்லை. என் கைதான் பலவீனமா, கிட்டாரில் கோளாறா? அப்புறம் நிர்வானாவின் "கம் ஆஸ் யூ ஆர்" ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) சரியான ஃப்ரெட்டில்தான் வாசிக்கிறேன். ஆனால் ரெக்கார்டோடு சேர்த்து வாசித்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. டியூனரில் ஆறு கம்பியும் பச்சை காட்டுகிறது. மெட்டாலிகாவின் "என்டர் சாண்ட்மேன்" கச்சேரி வீடியோவோடு வாசித்தாலும் இதே கதைதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தோழி வீட்டு வாசலில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து வாசிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்குள் இரண்டு பாட்டாவது முழுசாக வர வேண்டும்.

லவ்டேல்காரர்

தங்கச்சி, முதலில் கிட்டாரைப் பார்ப்போம், பாட்டு அப்புறம். கோடையில் சரியாக இருந்தது, மழையில் தூக்கிக்கொண்டது என்றால் கோளாறு உங்கள் கையில் இல்லை. நம் மலையில் இந்தப் பருவத்தில் காற்றில் இருக்கும் ஈரத்தை மரம் குடிக்கிறது. மேல் பலகை உப்புகிறது, அதில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜும் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் கட்டை) சேர்ந்து மேலே வருகிறது, கம்பி உயர்கிறது. கிட்டாரை எங்கே வைக்கிறீர்கள்? வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருந்தால் சுவரின் ஓதம் நேரே அதற்குள்தான் போகும்.

பள்ளி ஸ்கேல் ஒன்றை எடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி, ஃப்ரெட் கம்பியின் தலையில் இருந்து ஆறாவது கம்பியின் (இருப்பதிலேயே தடித்தது) அடி வரை எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். மூன்றரையைத் தாண்டினால் யாருக்கும் விரல் வலிக்கும், இருபது வருடம் வாசித்தவருக்கும்தான்.

ஆம்ப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மெட்டலில் பாதி வேலை வலது கையில் இருக்கிறது, அதை அக்கூஸ்டிக்கிலேயே கற்கலாம்.

ஆறுகம்பி, குன்னூர்

அண்ணா, அளந்தேன். நாலு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜன்னலை ஒட்டிய சுவரில்தான் சாய்த்து வைத்திருந்தேன். அந்தச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. நெக்குக்குள் (கிட்டாரின் கழுத்து) இருக்கும் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

லவ்டேல்காரர்

வேண்டாம். அந்த ராடு நெக்கின் வளைவைச் சரிசெய்ய இருப்பது. உங்களுக்கு உப்பியிருப்பது பலகை. ராடைத் திருகினால் உப்பல் இறங்காது, நெக் பின்னால் வளைந்து புதிதாகக் கரகரப்புதான் வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாசிக்காத நேரம் முழுவதும் கிட்டார் உறைக்குள் இருக்கட்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்து போடுங்கள். வீட்டின் நடுச் சுவர்ப் பக்கம் வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர் பக்கத்திலோ அடுப்பங்கரையிலோ வைத்துவிடாதீர்கள், பசை விட்டுப்போகும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் கிட்டாருக்கு நல்லது. சின்ன ஈரமானி ஒன்று உறைக்குள் கிடந்தால் ஊகிக்க வேண்டியிருக்காது. மாசி, பங்குனியில் காற்று காய்ந்துவிடும். அப்போது ஜெல்லை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பலகை வெடிக்கும்.

கம்பியையும் மாற்றுங்கள். அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் 12 கேஜ் (கம்பியின் தடிமன்) போட்டுத்தான் வரும். யாராவது கோவை போனால் 10 கேஜ், எக்ஸ்ட்ரா லைட் என்று கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். சத்தம் கொஞ்சம் மெலியும், விரலுக்குப் பெரிய நிம்மதி.

இதையெல்லாம் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் டோனி அயோமியை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாக் சபாத்தின் கிட்டாரிஸ்ட். இடது கைக்காரர், பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், கனமான கம்பி முடியாது என்று மெல்லிய பான்ஜோ கம்பிகளைக் கிட்டாரில் போட்டார். 1971இல் வந்த "மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி" ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு ஒன்றரை ஸ்டெப் (மூன்று ஃப்ரெட் அளவு) இறக்கி டியூன் செய்ததும் கம்பி தளர்ந்து விரலுக்கு எளிதாக இருப்பதற்காகத்தான். கைக்கு ஏற்றபடி கருவியை மாற்றிக்கொண்ட மனிதரிடம் இருந்துதான் மெட்டலின் அந்தக் கனத்த சத்தம் வந்தது.

தடித்தகம்பி, கோத்தகிரி

பாட்டு வரிசையை நான் சொல்கிறேன். நான் பேஸ் வாசிப்பவள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டாரும் சொல்லித்தருகிறேன். எஃப் பார் கார்டுக்காக (ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துவது) யாரையும் நான் காத்திருக்க வைப்பதில்லை.

முதல் வாரம் "செவன் நேஷன் ஆர்மி". தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், 2003. ரெக்கார்டில் பேஸ் போலக் கேட்கும், ஆனால் அது கிட்டார்தான். ஜாக் ஒயிட் பெடல் வைத்து ஒரு ஆக்டேவ் கீழே இறக்கியிருக்கிறார். ஐந்தாவது கம்பி ஒன்றே போதும், எண்கள் ஃப்ரெட்டுகள்: 7, 7, 10, 7, 5, 3, 2. கடைசி இரண்டு சுரங்களையும் அவசரப்படாமல் முழுசாக ஒலிக்க விடுங்கள். அங்கேதான் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள்.

அடுத்து டீப் பர்ப்பிளின் "ஸ்மோக் ஆன் த வாட்டர்", 1972. ஒற்றைக் கம்பியில் வாசிக்கப் பழக வேண்டாம். நான்காவது, மூன்றாவது கம்பிகளை ஒரே ஃப்ரெட்டில் ஒரு விரலால் சேர்த்து அழுத்துங்கள்: திறந்து, 3, 5, திறந்து, 3, 6, 5, திறந்து, 3, 5, 3, திறந்து. ரிச்சி பிளாக்மோர் இதைப் பிக் இல்லாமல் விரலால் கிள்ளி வாசிப்பார். இரண்டு கம்பியும் ஒரே நொடியில் ஒலிக்கும். நீங்களும் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள், பாட்டின் குணமே அப்போதுதான் வரும்.

இனி பவர் கார்டு. உங்கள் எஃப் பிரச்சினைக்கும் இதுதான் வழி. ஆறாவது கம்பி முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் மோதிர விரல். அவ்வளவுதான், மற்ற நான்கு கம்பிகளையும் தொடாதீர்கள். ராக்கிலும் மெட்டலிலும் எஃப் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு விரல்தான். இதே வடிவத்தை நகர்த்தினால் நிர்வானாவின் "ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்" வந்துவிடும்: ஆறாவது கம்பியில் 1, ஐந்தாவதில் 1, ஆறாவதில் 4, ஐந்தாவதில் 4. பாட்டின் பெரும்பகுதியில் இந்த நான்கும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

சபாத்தின் "அயர்ன் மேன்" (1970) பெரும்பாலான வீடியோக்களில் ஆறாவது கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டில் தொடங்கிப் பதினைந்து வரை போகும். உப்பிய அக்கூஸ்டிக்கில் அது சித்திரவதை. அதையே ஐந்தாவது கம்பியில் வேரை (கார்டின் அடிச்சுரம்) வைத்து வாசியுங்கள்: 2, 5, 5, 7, 7, பிறகு வேகமாக 10, 9, 10, 9, 10, 9, பிறகு 5, 5, 7, 7. சுருதி அதேதான், பத்தாவது ஃப்ரெட்டோடு முடிந்துவிடும். ஒரு கார்டில் இருந்து அடுத்ததற்குச் சறுக்கிப் போகும்போது விரலை எடுக்காதீர்கள்.

விடுமுறைக் கச்சேரிக்கு முழுப் பாட்டு வேண்டும் என்றால் தி கிரான்பெரீஸின் "ஸாம்பி" (1994). இ மைனர், சி, ஜி, டி. டி கார்டை ரெக்கார்டில் எஃப் ஷார்ப் பேஸோடு வாசிப்பார்கள், உங்களுக்குச் சாதாரண டி போதும். வரியும் கோரஸும் ஒரே வரிசை. நீங்கள் ஏற்கெனவே பிடிக்கும் கார்டுகள்தான் இவை, இன்றைக்கே தொடங்கலாம்.

மேட்டுப்பாளையம் பாஸ்

அக்கா சொல்லும் வரிசை நன்றாக இருக்கிறது. ஆனால் எஃப் பார் கார்டை ஒரேயடியாகத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். ஏழாவது ஃப்ரெட் பக்கம் பிடித்துப் பழகிவிட்டு மெதுவாகக் கீழே இறங்கி வந்தால் முதல் ஃப்ரெட்டும் வசப்படும்.

ரெக்கார்டோடு ஒட்டாத விஷயம்: உங்கள் காதும் டியூனரும் சரிதான். "கம் ஆஸ் யூ ஆர்" ரெக்கார்டில் ஆறு கம்பியையும் ஒரு முழு ஸ்டெப் இறக்கியிருக்கிறார்கள். தடித்த கம்பியில் இருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி. அதே அளவு இறக்கினால் ஒட்டிக்கொள்ளும். "என்டர் சாண்ட்மேன்" 1991 ஆல்பத்தில் சாதாரண டியூனிங்தான். ஆனால் மெட்டாலிகா பல வருடங்களாக மேடையில் அரை ஸ்டெப் இறக்கித்தான் வாசிக்கிறார்கள். கச்சேரி வீடியோவை விட்டுவிட்டு ஆல்பப் பதிவோடு வாசியுங்கள்.

கம்பியை இறக்கினால் இழுவிசை குறைந்து உங்கள் விரலுக்கும் லேசாகும். மொத்தமாக இறக்கிய பிறகு இன்னொரு முறை ஆறையும் சரிபாருங்கள். ஒன்றைத் தளர்த்தினால் மற்றவை சற்று ஏறிவிடும்.

ஆறுகம்பி, குன்னூர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு ஸ்டெப் இறக்கிப் பார்த்தேன், "கம் ஆஸ் யூ ஆர்" அப்படியே ரெக்கார்டோடு போய் உட்கார்ந்துகொண்டது! இரண்டு விரல் எஃப்பும் விழுகிறது. கிட்டார் இப்போது உறைக்குள், பீரோ பக்கத்தில். 10 கேஜ் கம்பிக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. கீழ் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். இரவில் சத்தமில்லாமல் எதைப் பழகலாம்? பாம் மியூட் செய்தால் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடிப்பது) எனக்கு "டொக்" என்று செத்த சத்தம்தான் வருகிறது, சுரமே கேட்பதில்லை.

தடித்தகம்பி, கோத்தகிரி

கை மிகவும் உள்ளே வந்திருக்கிறது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தைப் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைச் சட்டத்தின் மேலேயே வையுங்கள். பாதி சட்டத்தில், பாதி கம்பியில். ஆறாவது கம்பியைக் கீழ்நோக்கி மட்டும் அடித்துக்கொண்டே கையை நெல்லளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சுரமும் கேட்கும், அடக்கமும் இருக்கும். அந்த இடத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். மெட்ரோனோமை 60இல் வைத்து ஒரு தட்டுக்கு இரண்டு அடி, இரவுக்கு இதுவே நல்ல பயிற்சி. கீழே யாருக்கும் கேட்காது.

அது சலித்தால் "நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்" தொடக்கம். இடது கையே வேண்டாம்: ஆறாவது கம்பி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, திரும்பி இரண்டு, மூன்று. எல்லாமே திறந்த கம்பிகள். ஆறு எண்ணிக்கைத் தாளம், விரலால் மெல்ல மீட்டினால் போதும். மெட்டாலிகா பாட்டு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்ற சந்தோஷமும் உடனே கிடைக்கும்.

லவ்டேல்காரர்

விடுமுறைக் கச்சேரிக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டிசம்பர் சாயங்காலம் வெளியே எடுத்து வந்ததும் டியூன் செய்யாதீர்கள். குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், நெருப்புப் பக்கம் போனால் நீண்டு இறங்கும். உட்காரும் இடத்திலேயே கிட்டாரைக் கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு டியூன் செய்யுங்கள். நெருப்பில் இருந்து நான்கு அடியாவது தள்ளி உட்காருங்கள், அனல் நேரே பலகையில் படக்கூடாது. விரல் விறைத்திருந்தால் வெந்நீரில் கை நனைத்து நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு உறையில் போடுங்கள், இந்தப் பனியில் புதுக் கம்பியும் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.