பிஎஸ்5 படம் மாடி லேப்டாப்பில் உடைந்து உடைந்து வருகிறது: வைஃபையா, ரேடாரா?

கேள்வி (தங்கச்சிமடம்)
பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) கீழே ஹாலில், ரூட்டர் வாசல் அறையில், லேப்டாப் மாடியில். இரண்டுமே வைஃபை. பிஎஸ்5 கேமை லேப்டாப்பில் ஆடவைக்கும் ரிமோட் ப்ளே ஆப்பில் படத் தரத்தை 1080 வைத்தால் ஒரு நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு படம் கட்டம் கட்டமாகிறது. பட்டனை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். நெட் வேகம் 100 எம்பிபிஎஸ், சரியாகவே வருகிறது. மண்டபம் ஊர்ப் பக்கம் கப்பல் ரேடார் சிக்னலைக் கெடுக்கிறது என்கிறார்கள், நிஜமா? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டேட்டா போகும்?

பதில் (கீழக்கரை)
டேட்டா பயம் வேண்டாம் தம்பி. ரிமோட் ப்ளே படம் 15 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 6.75 ஜிபி வரும், ஆனால் அது ரூட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. அதனால் நெட் வேகத்தைச் சோதித்தும் பயனில்லை.

கப்பல் ரேடார் ஓடுவது 3 கிகாஹெர்ட்ஸ், 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம். வைஃபை 2.4-லும் 5-லும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 52 முதல் 144 வரை எண்ணுள்ள சேனல்களில் (வைஃபை ஓடும் அலைத்தடங்கள்) வேறு வகை ரேடாரின் அலை பட்டதாகத் தோன்றினாலே ரூட்டர் சேனலை விட்டு ஓடவேண்டும் என்பது விதி. அந்த நேரம் இணைப்பு அறும். சேனலை 36, 40, 44, 48-ல் ஒன்றாக நிறுத்திவிடுங்கள்.

உங்கள் சிக்கல் வேறு. பிஎஸ்5-இலிருந்து ரூட்டருக்கு ஒருமுறை, ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு மறுமுறை, ஒரே படம் ஒரே சேனலில் இரண்டு தடவை பறக்கிறது. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பிஎஸ்5-ஐ லேன் கேபிளில் போட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். முதலில் மாடியிலிருந்து ரூட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) விட்டுப் பாருங்கள். 2, 3 மில்லிசெகண்டில் நிற்காமல் 80, 100 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபைதான். பழைய சுண்ணாம்புச் சுவர் வீடாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் மாடிக்கு ஏறுவதே கஷ்டம். லேப்டாப்புக்கும் கேபிள் இழுப்பது நல்லது. அதுவரை 720-ல் ஆடுங்கள், தரத்தை இணைக்கும் முன்பே ஆப்பில் மாற்றவேண்டும்.

பதில் (ராமேஸ்வரம்)
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. கேபிள் வாங்கும்போதுதான் நம்ம ஊரில் ஏமாறுவோம். நுனியை உரித்துக் கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். உப்புக்காற்றில் சீக்கிரமே வெள்ளைத் தூளாகக் கரையும். முழுச் செம்பில் செய்த கேட்-6 வகை லேன் கேபிள் போதும். மொட்டை மாடி வழியாகப் போனால் வெயில் தாங்கும் கருப்பு உறைக் கேபிள், வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு. இல்லையென்றால் மழைநீர் கேபிளோடு வழிந்து உள்ளே வரும்.

கேள்வி (தங்கச்சிமடம்)
பிஎஸ்5-ஐக் கேபிளில் மாற்றியதும் 1080 நிற்கிறது காக்கா, நன்றி. ஆனால் வீட்டிலிருந்த பழைய கேபிள். ரூட்டர் பக்கத்தில் அந்த போர்ட் (கேபிள் செருகும் துளை) 1000 எம்பிபிஎஸ்-க்குப் பதில் 100 என்று காட்டுகிறது.

பதில் (ராமேஸ்வரம்)
1000-க்கு எட்டு கம்பியும் வேண்டும், 100-க்கு 1, 2, 3, 6 நான்கே போதும். ஏதோ ஒரு கம்பி விட்டிருக்கிறது. பிளக்கின் உலோகப் பற்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். துடைத்துப் பயனில்லை, ஒரு அங்குலம் வெட்டிப் புதுப் பிளக் அடியுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. 15 எம்பிபிஎஸ் படத்துக்கு 100 தாராளம், அவசரமில்லை. ஆனால் களிம்பு பரவி அந்த நாலில் ஒன்றும் போனால் இணைப்பே நின்றுவிடும்.

பதில் (கீழக்கரை)
நெட் அறுந்த நாளில் அதிகாரபூர்வ ரிமோட் ப்ளே ஆப் உள்நுழைவிலேயே நின்றுவிடும். அதே வேலையைச் செய்யும் சியாகி-என்ஜி என்ற இலவச மென்பொருளை நெட் இருக்கும்போதே பிஎஸ்5-உடன் பதிந்து வையுங்கள். அதற்கு பிஎஸ்5 செட்டிங்ஸில் சிஸ்டம், ரிமோட் ப்ளே, 'லிங்க் டிவைஸ்' போனால் வரும் எட்டு இலக்க எண் வேண்டும். கூடவே உங்கள் பிளேஸ்டேஷன் கணக்கு ஐடி, பயனர் பெயர் அல்ல. பலர் அங்கேதான் தவறுகிறார்கள். ஒருமுறை பதிந்தால் பிறகு வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஓடும்.