சிங்கப்பூர் கேசினோவில் (சூதாட்டக் கூடத்தில்) கிரிப்டோவை ஏத்துக்கிறாங்களா?

மன்னார்குடிக்காரன்:
அண்ணன்மாரே, சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் டாம்ல (தொழிலாளர் விடுதியில) இருக்கேன். ரூம்ல இருக்குற தம்பி ஊருக்குப் பணம் அனுப்பி ரெண்டு மாசமாச்சு. கேட்டா, "கேசினோல கிரிப்டோ போட்டு ஆடுறேன், ஜெயிச்சுட்டுத்தான் இருக்கேன்"ங்கிறான். ஆனா வெளிய போறதே இல்ல. ராத்திரி போர்வைக்குள்ள போன் வெளிச்சம்தான். மரீனா பே, செந்தோசாவுல இருக்குற கேசினோவுலயெல்லாம் கிரிப்டோவை, அதான் அந்த டிஜிட்டல் காசை, ஏத்துக்கிறாங்களா? அங்க யாருதான் போறாங்க?

வயரிங் முருகு:
தம்பி, 2013-ல நான் போய் ஏமாந்தவன், அதனால சொல்றேன். அங்க மேசையில சிப்தான், காசுக்குப் பதிலா வைக்கிற வில்லை. ரொக்கத்தைக் கொடுத்து சிப் வாங்கணும். கிரிப்டோன்னு யாரும் பேசி நான் கேட்டதே இல்ல.

இந்த ஊர்க்காரங்க, பிஆர் (நிரந்தரவாசிங்க) எல்லாம் உள்ள போகவே காசு கட்டணும். அப்போ ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2019-லருந்து 150. வெளிநாட்டுலருந்து வந்த நம்மளுக்கு இலவசம். அதான் வினையே. ஞாயித்துக்கிழமை தேக்காவுல (லிட்டில் இந்தியாவுல) சாப்பிட்டுட்டு, ஏசி காத்து வாங்கலாம்னு போனேன். சுத்துலா வந்தவங்க, வயசான சீன ஆன்ட்டிங்க, நம்மளமாதிரி வேலைக்கு வந்த பசங்க. பக்காராங்கிற சீட்டாட்ட மேசையில ஒரு ஆன்ட்டி சீட்டைக் கவுத்து வச்சு, ஓரத்தை மட்டும் பெருவிரலால மெதுவா மடக்கி மடக்கிப் பார்த்தாங்க. நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

உள்ள ஏடிஎம் கிடையாது. வெளிய நடந்துபோய் எடுத்துட்டு வந்தேன், மூணு தடவை. போனது 640 வெள்ளி, ஓவர்டைமோட சேர்த்து ஒரு மாசச் சம்பளம். மறுவாரமே என்னை உள்ள விடக்கூடாதுன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன். வெளிநாட்டுக்காரங்களும் அப்படிக் கொடுக்கலாம்.

உங்க ரூம் தம்பி ஆடுறது அங்க இல்ல, ஏதோ வெப்சைட்ல. எனக்காவது பணம் எடுக்க வெளிய நடக்க வேண்டியிருந்துச்சு, அந்த நடையிலதான் ஒருவழியா புத்தி வந்துச்சு. அவனுக்கு அந்த நடையும் இல்ல.

பிடோக் அக்கா:
உரிமம் இல்லாத தளத்துல ஆடினா ஆடுறவங்க மேலயும் கேஸ் வரும். 10,000 வெள்ளி வரை அபராதம், இல்ல 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். வேலை பெர்மிட்டும் போயிடும்னு பயப்படணும்.

மன்னார்குடிக்காரன்:
இப்பத்தான் உக்கார வச்சுப் பேசினேன். 400 யுஎஸ்டிடி (அமெரிக்க டாலர் மதிப்புல ஓடுற கிரிப்டோ) போட்டிருக்கான். திரையில 1,150 இருக்கறதா காட்டுது. எடுக்கப் போனா "சரிபார்ப்புக்கு இன்னும் 200 போடு"ன்னு கேக்குதாம். நாளைக்குச் சம்பளம், போட்டுடலாம்னு இருக்கான்.

வயரிங் முருகு:
போடவே விடாதீங்க! அந்த 1,150 திரையில மட்டும்தான் இருக்கு. பேங்க்ல தப்பா அனுப்பினாலாவது போய்க் கேக்கலாம். யுஎஸ்டிடி அனுப்பிட்டா ரத்து பண்ண முடியாது, அந்த முகவரிக்காரன் யாருன்னும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு போலீஸ்ல சொல்லுங்க. சூதாட்டப் பிரச்சினைக்கு உதவி எண் 1800-6-668-668. நாளைக்குச் சம்பளம் ஏறினதும் நீங்களே கூடப் போய் ஊருக்கு அனுப்ப வைங்க. ஞாயித்துக்கிழமை அவனைத் தேக்காவுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் வந்து பேசுறேன்.