டோக்கனுக்குத் தமிழ்ச்சொல்: 'நறுக்கு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நாம் எழுதுவதைச் சிறு சிறு பகுதிகளாக வெட்டித்தான் கையாளும். அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் டோக்கன் (token) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் உரையாடலில் வில்லை, துண்டு, அசை என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அந்தக் கருவிகளுக்கு அடிப்படையான மொழி மாதிரிகள் (language models) பற்றி அண்மையில் படித்தவற்றை வைத்து நான்காவதாக 'நறுக்கு' என்பதை முன்வைக்கிறேன்.

'வில்லை' ரேஷன் கடை டோக்கனுக்குப் பொருத்தம்தான். ஆனால் இயற்பியலில் அதுவே லென்ஸ். படங்களை அலசும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதும்போது ஒரே பத்தியில் இரண்டும் வந்து குழப்பும். 'துண்டு' மிகப் பொதுவான சொல். நீண்ட ஆவணத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்துத் தேடும் முறைக்கு அதை விட்டுவைப்பது நல்லது.

'அசை' பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அசைக்கு ஒலியை ஒட்டிய விதி உண்டு. 'படித்தான்' என்பதை யாப்பில் படித்/தான் என நிரையும் நேருமாகப் பிரிப்போம். நன்னூல் வழியில் பிரித்தால் படி+த்+த்+ஆன். டோக்கன் இந்த இரண்டையும் மதிக்காது. டோக்கன்களாகப் பிரிக்கப் பரவலாகப் புழங்கும் முறையான பைட் இணைக் குறியாக்கம் (byte pair encoding), 1994இல் பிலிப் கேஜ் தரவைச் சுருக்கக் கண்ட உத்தி. 2016இல் ஆய்வாளர் சென்ரிச்சின் குழுவினர் அதை இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். அடிக்கடி அருகருகே வரும் இணையை ஒன்றாக்கு, மறுபடி எண்ணு, மறுபடி ஒன்றாக்கு, அவ்வளவுதான். இப்படிச் சேர்ந்தவை டோக்கன் பட்டியலில் இடம்பிடிக்கும். இலக்கணத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இதன் விளைவு தமிழில் நன்றாகவே தெரிகிறது. 'படித்தான்' நமக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 9 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27 பைட். 2019இல் வந்த ஜிபிடி-2 என்ற மொழி மாதிரியின் பட்டியலில் 50,257 டோக்கன்கள் இருந்தன. அது பெரும்பாலும் ஆங்கில உரையிலிருந்து பிறந்த பட்டியல் என்பதால், தமிழில் ஓர் எழுத்துக்கு நடுவிலேயே வெட்டு விழும், டோக்கன்களும் கூடும். பல சேவைகளில் கட்டணமும் டோக்கன் கணக்கில்தான் என்பதால், அதே செய்தியைத் தமிழில் அனுப்புகிறவர் கூடுதலாகக் கொடுக்க நேரிடுகிறது. இந்த அநியாயத்தை நம் மொழியில் பேசவாவது நமக்கு ஒரு சொல் வேண்டும்.

'நறுக்கு' பெயராகவும் வினையாகவும் நிற்கும். 'ஓலை நறுக்கு' என்ற பழைய வழக்கும் உண்டு. எதன்படி வெட்டினார்கள் என்று அது சொல்வதில்லை, வெட்டுப்பட்ட சிறு பகுதி என்று மட்டும் சொல்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். நறுக்குதல், நறுக்கி (டோக்கனாக்கும் நிரல்), நறுக்குப் பட்டியல், நறுக்கு வரம்பு என்று குடும்பமும் தானாக வளர்கிறது. 'நறுக்கி' மட்டும் காய்கறிக் கருவியை நினைவூட்டும். எனக்கு அது உறுத்தவில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஒரு மறுப்பு வரக்கூடும்: பைட் இணைக் குறியாக்கம் இணைகளை ஒட்டுகிறதே, நறுக்கவில்லையே? பட்டியலை உருவாக்கும்போது ஒட்டுகிறது என்பது சரி. அந்தப் படிக்கு 'இணைப்பு' என்றே வைக்கலாம். ஆனால் நாம் கொடுக்கும் வாக்கியம் கடைசியில் மாதிரிக்குள் போவது துண்டு துண்டாகத்தான்.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பாடநூல்களில் டோக்கனுக்கோ 'நறுக்கு' என்ற சொல்லுக்கோ ஏற்கெனவே வேறு வழக்கு இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், அப்புறம் அகராதியில் சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்