வீங்கின ரின்மீன்: கடையில இருந்து எடுப்பிக்க ஆருக்கு அதிகாரம்?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடையில ரின்மீன் (தகர ரின்னில அடைச்ச மீன்) வீங்கிக் கிடக்குது. வாங்கினதை மாத்தித் தாறன் எண்டுறார் கடைக்காரர். மிச்ச ரின்களை ஆர் அகற்றுவினம்?

பதில் 1: அந்தப் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி அவர் கடைக்குள்ள போய்ப் பாக்கலாம், மாதிரி எடுக்கலாம், பொருளைக் கைப்பற்றித் தடுத்து வைக்கலாம். உரிமையாளர் எழுத்தில சம்மதிச்சால் அழிக்கலாம். இல்லாட்டி நீதவான் கட்டளை வேணும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில முறையிடுங்கோ.

பதில் 2: தயவுசெய்து ரின்னைத் திறக்காதேங்கோ. பெரும்பாலும் உள்ளுக்குக் கிருமி வளந்து வாயு கட்டினதாலதான் வீங்கும். மாத்தவும் குடுக்காதேங்கோ, ஆதாரம் போயிடும். தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, பற்றுச்சீட்டு மூண்டையும் படமெடுங்கோ. தொகுதி இலக்கம் இல்லாட்டி மற்றக் கடையளில அதே சரக்கைத் தேடிப் பிடிக்கேலாது.

பதில் 3: திகதியை அழிச்சு மாத்தியிருந்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் சொல்லுங்கோ: தொலைபேசி இலக்கம் 1977.