டாப் ஹாட் (1935) ஜோடி நடனம்: சிமெண்டுத் தரை டேவானில் (பொதுக்கூடத்தில்) மேடையேற்ற வழி சொல்லுங்கள்

லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துப் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு டவுனில் டேவான் எடுத்திருக்கிறோம். நிகழ்ச்சியில் 'டாப் ஹாட்' என்ற ஹாலிவுட் படத்திலிருந்து ஃபிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ் ஜோடியின் நடனம் ஒன்றை வைக்கத் திட்டம். ஆடப்போகிற இருவருக்கும் டேப் நடனத்தின் (சப்பாத்துக்கு அடியில் உலோகத் தகடு மாட்டித் தாளம் தட்டுவது) அடிப்படை தெரியும். பெண் பத்து வருடம் பரதம் ஆடியவர்.

கேட்க வேண்டியவை மூன்று. 'சீக் டு சீக்' எடுப்பதா, மழையில் மண்டபத்துக்குள் ஒதுங்கி ஆடுகிற 'இஸன்ட் திஸ் எ லவ்லி டே' எடுப்பதா? டேவான் தரை சிமெண்டு, மேலே டைல்ஸ், கூரை தகரம். பலகை அடித்தால் போதுமா? கடைசியாக, எங்களிடம் உள்ள டிவிடியில் பாட்டு கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறிக் கேட்கிறது. இணையத்தில் உள்ள துண்டோடு எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. எது சரி?

இவர்கள் சேர்ந்து கதாநாயகன், கதாநாயகியாக வந்த முதல் படம் 'ஃபிளையிங் டவுன் டு ரியோ' என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறோம். அதையும் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

தாளக்கட்டு

அறிவிப்பை முதலில் திருத்துங்கள். 1933-ல் வந்த அந்தப் படத்தில் நாயகி டொலோரஸ் டெல் ரியோ, நாயகன் ஜீன் ரேமண்ட். பெயர்ப்பட்டியலில் ஜிஞ்சர் நான்காவது, அஸ்டேர் ஐந்தாவது. 'கரியோகா' நடனத்தில் நெற்றியோடு நெற்றி முட்டி ஆடியதைப் பார்த்துத்தான் ஜனங்கள் இவர்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். நாயகன் நாயகியாக வந்தது அடுத்த வருடம், 'தி கே டிவோர்ஸே'யில். மொத்தம் பத்துப் படம். ஒன்பது ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கு, பத்தாவது 1949-ல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு.

நடனத்துக்கு வருகிறேன். மழை மண்டபத்தையே எடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

'சீக் டு சீக்' பார்க்க மெதுவாக இருக்கும், ஆடத்தான் கஷ்டம். பாட்டே 72 பார் (தாள ஆவர்த்தனம் மாதிரி) நீளம். அந்தக் காலத்துப் பாட்டு பெரும்பாலும் 32 பாரில் முடிந்துவிடும். இது 16, 16, 8, 8, 8, 16 என்று போகும். நடுவில் வருகிற அந்த மூன்று எட்டில்தான் புதியவர்கள் இடம் தவறுவார்கள். பெண் முதுகை நன்றாகப் பின்னுக்கு வளைத்துச் சாய்கிற இடங்களும் உண்டு. ஆணின் தாங்கும் கை இடுப்புக்கு மேலே, தோள்பட்டைக்குக் கீழே சரியாக விழாவிட்டால் முழுப் பாரமும் பெண்ணின் கீழ்முதுகில் இறங்கும். கொஞ்ச நாள் ஒத்திகையில் வருகிற காரியம் இல்லை அது.

மழை மண்டபம் நடையில் ஆரம்பிக்கிறது. அஸ்டேர் நடக்கிறார், ஜிஞ்சர் பின்னாலேயே அதே நடையைப் பிடித்துக் காட்டுகிறாள். அவர் ஓர் அடி வைக்க, அவள் பதில் வைக்கிறாள். ஜதிக்கு ஜதி சவால் விடுவதைப் பார்த்துப் பழகிய நம் கூட்டத்துக்கு இது உடனே புரியும். இடி இடித்ததும் ஆட்டம் சூடு பிடிக்கிறது. வெகு நேரம் ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை. கடைசியில் கைகுலுக்கல், அவ்வளவுதான். கோபமாக உட்கார்ந்திருந்தவள் மனம் மாறியதை வசனமே இல்லாமல் கால் சொல்லிவிடுகிறது. இந்த ஜோடியின் பெருமையே அதில்தான் இருக்கிறது. முத்தக் காட்சி வருமோ என்று ஏற்பாட்டுக் குழுவில் யாராவது தயங்கினால் சொல்லுங்கள், 1938-ல் 'கேர்ஃப்ரீ' வரும்வரை இவர்களுக்குத் திரையில் முழு முத்தமே கிடையாது.

இனி தாளம். டேப்பை நேராக 'தக தக' என்று எண்ணினால் பேண்டு வாத்திய அணிநடை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு அடியையும் 'தகிட' என்று திஸ்ரமாகப் பிரியுங்கள். 'த' ஒலிக்கும், 'கி' மௌனம், 'ட' ஒலிக்கும். ஷஃபிள் பால்-சேஞ்ச் நான்கு ஒலி: முந்தின அடியின் 'ட'வில் பாதத்தை முன்னுக்குத் தேய், அடுத்த 'த'வில் பின்னுக்குத் தேய், பிறகு 'ட'வில் ஒரு கால், 'த'வில் மறு கால் மாற்று. வாயால் சொல்லிக்கொண்டே கையால் தொடையில் தட்டி இரண்டு நாள் பழகிவிட்டுக் காலுக்குப் போங்கள்.

பரதம் ஆடிய பெண்ணுக்கு மூன்று இடத்தில் பழக்கம் குறுக்கே வரும். தட்டடவில் முழுப் பாதமும் தரையில் அறையும். டேப்பில் அப்படி அறைந்தால் முன் தகடும் பின் தகடும் ஒன்றாக விழுந்து 'டொப்' என்று ஒரே சத்தம்தான் வரும். ஒலி தளர்ந்த கணுக்காலிலிருந்து வரவேண்டும், தொடையிலிருந்து அல்ல. இரண்டாவது அரைமண்டி, அதாவது முட்டியை வெளிப்பக்கம் மடக்கித் தாழ்ந்து நிற்பது. இங்கே முட்டி லேசாக இளகியிருந்தால் போதும். மூன்றாவது பாரம். குதிகாலில் உட்கார்ந்துவிடாமல் முன்பாதத்தில் நிற்கவேண்டும், இல்லையென்றால் அடுத்த தேய்ப்புக்குக் கால் நேரத்துக்குக் கிளம்பாது. ஆனால் தாளத்தில் நிற்கிற உறுதி அவருக்கு ஏற்கெனவே இருக்கும். அது பெரிய சொத்து.

பலகைக்காரர்

சிமெண்டிலோ டைல்ஸிலோ டேப் ஆடவே கூடாது. தரை ஒரு மயிரிழைகூட அமுங்காது, அடிக்கிற அடி அத்தனையும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்குத் திரும்பும். ஒற்றைப் பலகையை அப்படியே டைல்ஸ் மேல் போடுவதும் அதே கதைதான். கூடவே பலகை வழுக்கும், ஓரம் தூக்கும்.

இரண்டு பேருக்கு 16 அடிக்கு 12 அடி போதும். 4 அடிக்கு 8 அடி, 12 மி.மீ. பிளைவுட் 12 துண்டு வாங்குங்கள். ஒரு துண்டு சுமார் 20 கிலோ வரும், தூக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் முதலில் பிள்ளைகள் விளையாடுகிற ஈவா ஃபோம் பாய், 10 மி.மீ. கனத்துக்குக் குறையாமல், இடைவெளி இல்லாமல் பரப்புங்கள்.

கீழடுக்கு 6 பலகை: 16 அடி வாக்கில் இரண்டு இரண்டாக, மூன்று வரிசை. மேலடுக்குக்கும் 6 பலகைதான், ஆனால் இணைப்பு கீழிணைப்பின் மேலேயே விழக்கூடாது. விழுந்தால் அங்கே மடங்கும், தகடு மாட்டும். அதனால் மேலடுக்கை அகலவாக்கில் 2, 4, 4, 2 அடி வரிசையாகவும், நீளவாக்கில் 4, 8, 4 அடியாகவும் வையுங்கள். அதற்கு வெட்டும் கணக்கு: 2 பலகை முழுசாக, 2 பலகை குறுக்கே பாதியாக, ஒன்று நெடுக்கே பாதியாக, ஒன்று நான்கு துண்டாக. ஹார்ட்வேர் கடையிலேயே அறுத்துத் தரச் சொன்னால் விளிம்பு நேராக வரும்.

ஸ்க்ரூ முக்கால் அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு அடுக்கும் சேர்ந்து 24 மி.மீ., ஒரு அங்குல ஸ்க்ரூ போட்டால் நுனி கீழே நீட்டிப் பாயைக் கிழித்து டைல்ஸைக் கீறும். தலை பலகைக்குள் புதையும்படி இறக்குங்கள். ஓரத்தில் 6 அங்குலத்துக்கு ஒன்று போதும்.

படத்தில் தரை கண்ணாடி மாதிரி மின்னுகிறதே என்று எனாமல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். உலோகத் தகடு அதன் மேல் சறுக்கும். மங்கலான வார்னிஷ் ஒரு கோட்டு, அறுத்த விளிம்புகளில் இரண்டு கோட்டு, நம் ஊர் ஈரத்துக்கு அவசியம். பவுடர், ரோசின் (வழுக்காமலிருக்கத் தூவும் பிசின் தூள்) எதையும் தூவ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும்.

ஒலிப்பெட்டி

டிவிடிக்குப் பதில். படம் எடுத்தது விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). நம் ஊர் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடி 25 சட்டத்தில் ஓடுகிறது. அதனால் வேகம் 4 சதவீதத்துக்குச் சற்று மேலே கூடும், சுருதி முக்கால் அரைச்சுரம் அளவு ஏறும். 4 நிமிட நடனம் 3 நிமிடம் 50 விநாடியில் முடிந்துவிடும். இணையத் துண்டு 24-ல் ஓடினால் அதுதான் சரி. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகம் மாற்றும் கட்டளையில் 0.96 கொடுங்கள். வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கவேண்டும். 'டெம்போ' கட்டளையைத் தொட்டால் வேகம் மட்டும் இறங்கிச் சுருதி ஏறியபடியே நிற்கும்.

இன்னொன்று. படத்தின் ஒலியில் டேப் சத்தமும் சேர்ந்தே இருக்கிறது. அந்தச் சத்தம் படப்பிடிப்பில் பதிவானது இல்லை, பிறகு தனியாக ஆடிச் சேர்த்தது. ஜிஞ்சருக்கு ஆடிச் சேர்த்தவர் நடன உதவியாளர் ஹெர்மீஸ் பான். படத்தின் ஒலியையே போட்டு அதன்மேல் உங்கள் பிள்ளைகளும் ஆடினால் இரண்டு ஜோடிக் கால் கேட்கும், ஒரு மயிரிழை பிசகினாலும் அலங்கோலமாகிவிடும். டேப் சத்தம் இல்லாத வாத்திய இசைப்பதிவு ஒன்று தேடி எடுங்கள். பாட்டு எழுதி இசையமைத்த இர்விங் பெர்லின் 1989-ல்தான் இறந்தார். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 வருடம் உரிமை இருக்கும், ஆகவே பொது நிகழ்ச்சிக்கு உரிமம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்)

பலகைக்காரர் அண்ணே, கணக்கு அருமை, அப்படியே தச்சரிடம் கொடுத்துவிட்டேன். ஒலிப்பெட்டி அண்ணே, சாயங்காலம் மழை பிடித்தால் தகரக் கூரையில் ஒன்றுமே கேட்காது. கால் சத்தத்துக்கு மைக் எங்கே வைப்பது? புளூடூத் ஸ்பீக்கர்தான் இருக்கிறது.

ஒலிப்பெட்டி

மைக் மேலே தொங்கவேண்டாம், மழையைத்தான் அள்ளும். சின்ன காலர் மைக் இரண்டை மேடையின் முன்விளிம்பில் பலகைக்கும் பாய்க்கும் நடுவே, ஒரு சதுர அங்குல ஸ்பாஞ்சில் வைத்து ஒட்டுநாடா ஒட்டுங்கள். பலகை அதிர்வு நேராக ஏறும், கூரைச் சத்தம் குறையும். மிக்சரில் அடிச்சுரத்தை நன்றாக இறக்குங்கள், இல்லையென்றால் 'டம் டம்' என்று கிணற்றுக்குள் குதிக்கிற மாதிரி கேட்கும்.

புளூடூத் வேண்டாம். 150 மில்லி விநாடி தாமதம் அதில் சாதாரணம். நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் ஓர் அடியே 375 மில்லி விநாடிதான். கால் விழுந்து அரை அடி கழித்துச் சத்தம் வந்தால் ஆடுகிறவர் தன் காலையே சந்தேகப்படுவார். வயர் போட்ட ஸ்பீக்கர் இரவல் வாங்குங்கள்.

தாளக்கட்டு

சப்பாத்து பற்றி யாரும் சொல்லவில்லை. பெண்ணுக்கு ஒன்றரை அங்குலக் குதி போதும். தகட்டு ஸ்க்ரூவை மேடையேறும் முன் ஒரு தடவை பாருங்கள். தளர்ந்தால் சலங்கை மாதிரி கலகலக்கும், வெளியே நீட்டினால் பலகையைக் கீறும்.

உடையில் இறகு வேண்டவே வேண்டாம். 'சீக் டு சீக்' பாட்டுக்கு ஜிஞ்சர் போட்ட தீக்கோழி இறகு உடை ஒத்திகையிலேயே கொட்டி, அஸ்டேரின் கோட்டெல்லாம் ஒட்டி, அவர் கோபித்துக்கொண்டார். படத்திலேயே ஒன்றிரண்டு இறகு பறப்பதைப் பார்க்கலாம். மழை மண்டபத்துக்கு ஜிஞ்சர் போட்டிருப்பது குதிரைச் சவாரிக் கால்சட்டை. உங்கள் பெண்ணுக்கும் கால்சட்டையே தையுங்கள், கணுக்கால் தெரியும்படி.

கைப்பேசியில் படம் பிடிப்பவரிடமும் சொல்லிவையுங்கள்: படுக்கைவாக்கில், இடுப்பு உயரத்தில், 18 அடி தள்ளி நின்று, தலை முதல் பாதம் வரை ஒரே ஓட்டமாக. முகத்துக்கு ஜூம் போனால் கால் போய்விடும். அஸ்டேர் தன் படங்களில் கேமராவை அப்படித்தான் நிற்க வைத்தார், வெட்டு ஒன்றிரண்டுக்கு மேல் விடமாட்டார்.

பலகைக்காரர்

தம்பி, மேடையின் நாலு விளிம்பிலும் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டுங்கள். சுழலும்போது விளிம்பு கண்ணில் படாது, பலகைக்கும் டைல்ஸுக்கும் ஒன்றேகால் அங்குலப் பள்ளம் இருக்கிறது.