ஷியர் சுவருக்குக் கார்பன் இழைத் துணி: எத்தனை அடுக்கு, எந்தத் திசையில்?

கேள்வி

3 மீட்டர் நீளமும் 200 மி.மீ. கனமும் கொண்ட பழைய கான்கிரீட் ஷியர் சுவர் (கட்டடத்தின் பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்) ஒன்றில், நிலநடுக்க விசைக்குக் கிடைமட்டக் கம்பிகள் போதவில்லை என்று கணக்கில் தெரிகிறது. கனத்தைக் கூட்ட இடமில்லாததால், எபாக்சிப் பசை கொண்டு கார்பன் இழைத் துணி ஒட்ட எண்ணுகிறோம். இழைகள் கிடைமட்டமாக மட்டும் இருந்தால் போதுமா, செங்குத்தாகவும் வேண்டுமா? அடுக்குகளை இரட்டித்தால் வலிமையும் இரட்டிக்குமா?

பதில் 1

வெட்டு விசையை (சுவரின் ஒரு பகுதியை மறுபகுதிமேல் வழுக்கச் செய்யும் விசையை) தாங்குவதில் மட்டும்தான் குறை என்றால் கிடைமட்ட இழைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செங்குத்து இழைகளை அஸ்திவாரம் வரை இறுக்கிவிட்டால் சுவரின் வளைவு வலிமை கூடும். அதனால் நிலநடுக்கத்தின்போது கம்பி இளகி (அறாமல் நிரந்தரமாக நீண்டு) நிதானமாக வளைந்திருக்க வேண்டிய சுவர், முன்னிலும் பெரிய வெட்டு விசையை ஈர்த்து, குறுக்காகப் பிளந்து திடீரென உடையக்கூடும்.

அடுக்கை இரட்டித்தால் வலிமை இரட்டிக்காது. எஃகைப் போலக் கார்பன் இழை இளகுவதில்லை. அறுபடும் வரை நேர்கோட்டில் விசையை ஏற்கிறது. ஆனால் பெரும்பாலும் அறுபடுவதற்கு முன்பே, கான்கிரீட்டின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு உரிந்து வந்துவிடுகிறது. துணி தடிக்கத் தடிக்க இந்த உரிதல் முந்திக்கொள்ளும். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 440.2ஆர் வழிகாட்டியும் வெட்டு விசைக் கணக்கில் இழையின் திரிபை (நீளும் விகிதத்தை) 0.004-க்கு மேல் கொள்ள விடுவதில்லை. சுவரைச் சுற்றிலும் துணியைப் போர்த்த முடியாத இடங்களில், சுவரில் துளையிட்டு எபாக்சியில் நனைத்த இழைக்கற்றையைச் செருகி, அதன் நுனியை விசிறிபோல் விரித்துத் துணிமேல் ஒட்டும் ஆங்கர்களே அடுக்குகளைவிட அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

பதில் 2

ஒட்டுவதற்கு முன் பிடுங்கு சோதனை (கான்கிரீட்டில் ஒட்டிய வட்டை இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். மேற்பரப்பு குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். துருப்பிடித்த கம்பியை மூடி ஒட்டினால், துரு உப்பும்போது துணியும் பெயரும். 0.3 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட விரிசல்களில் எபாக்சி செலுத்துங்கள். சாதாரண எபாக்சி 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குவதால், தீ விபத்தில் துணி இல்லாமலே அன்றாடச் சுமையைத் தாங்கும் வலிமை சுவருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. சுவரும் அஸ்திவாரமும் சேரும் இணைப்பில் கிடைமட்ட விரிசல் ஒன்றும் தெரிகிறது. அதையும் இந்தத் துணி கட்டுப்படுத்துமா?

பதில் 1

கட்டுப்படுத்தாது. கிடைமட்ட இழை அந்த விரிசலுக்கு இணையாக ஓடுகிறதே தவிர, அதைக் கடப்பதில்லை. சுவர் அந்த இணைப்பில் வழுக்குமா என்பதைத் தனியாகக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் அஸ்திவாரத்துக்குள் எஃகுக் கம்பிகளை இறக்கிப் பதித்த பிறகே துணி வேலையைத் தொடங்குங்கள்.