‘சன்ஸ்கிரீன்’ என்பதற்குத் தமிழில் எது: தடுப்பானா, காப்பா, சாந்தா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஒப்பனைக்கலை பயிலும் மாணவியருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முகத்துக்கு விலை குறைந்த சன்ஸ்கிரீனை, அதாவது வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பூச்சைத் தேர்ந்தெடுப்பது, அதன் மேல் ஒப்பனை செய்துகொள்வது ஆகியவையே நான்காம் பாடம். இதுவரை ‘சூரியத் தடுப்பான்’ என்று எழுதி வந்தேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, “சூரியனையே தடுத்துவிடுமா?” என்று கேட்டாள், என்னிடம் விடை இல்லை. இதனுடன் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (இருவகைப் புறஊதாக் கதிர்களிலிருந்தும் காப்பது), ‘ஃபவுண்டேஷன்’ (முகத்தின் நிறத்தைச் சீராக்கும் பூச்சு), சன்ஸ்கிரீன் பூசியபின் முகத்தில் தங்கிவிடும் வெளுப்பு ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

மருந்தியல் படித்தவர் எழுதியது:

மாணவி கேட்டது சரியான கேள்வி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் வெளியிட்ட விதிகளில், ‘சன்பிளாக்’ (சூரியத் தடுப்பான்) என்று உறையில் அச்சிடுவதையே விலக்கிவிட்டது. எந்தப் பூச்சும் முழுதாகத் தடுப்பதில்லை என்பதே காரணம். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்) 30 உள்ள பூச்சு புறஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 உள்ளது 98 விழுக்காட்டையும் மறிக்கிறது. அதுவும் சோதனைக்கூடத்தில் பூசுவதுபோல் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. ஆகவே ‘தடுப்பான்’ என்பது கலைச்சொல் ஆகாது, விளம்பரம் ஆகும்.

‘ஸ்கிரீன்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘திரை’யும் எனக்கு ஒப்புதல் இல்லை. சன்ஸ்கிரீனில் சேரும் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கண்ணாடிபோல் கதிர்களைத் திருப்பி அனுப்புகின்றன என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். உண்மையில் அவையும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன, திருப்புவது சிறு பகுதியே. எது எப்படிச் செய்தாலும் செய்வது காத்தலைத்தான். ‘வெயில்காப்பு’ என்று வைக்கலாம். எஸ்பிஎஃப் என்பது ‘காப்பெண்’ ஆகட்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

சூரியனை விட்டு வெயிலுக்கு வந்ததற்காக மகிழ்கிறேன். “என்பி லதனை வெயில்போலக் காயுமே” என்றுதானே குறள் சொல்கிறது. புழுவைக் காய்வது வெயில். வெய் என்னும் அடியிலிருந்தே வெயில், வெய்யோன், வெய்து, வெய்துயிர்த்தல் எல்லாம் பிறந்தன. வெம்மையும் வெப்பமும் அதன் உடன்பிறப்புகள். வெண்மையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது என் நெடுநாள் துணிபு. காய்ந்த இரும்பு சிவந்து, பின் வெளுப்பதைக் கண்டவன்தான் இச்சொல்லைப் படைத்திருக்க வேண்டும்.

ஆனால் ‘வெயில்காப்பு’ பிழை. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகத் திரிந்து ‘வெயிற்காப்பு’ என்றே வரும். அதைவிடப் பெரிய இடர்ப்பாடும் உண்டு: மெய்காப்பு என்றால் மெய்யைக் காப்பது, அவ்வழியில் வெயிற்காப்பு வெயிலை அல்லவா காக்கும்? ‘புலிகொல் யானை’ என்ற தொடரில் கொன்றது எது, பட்டது எது என்று உரையாசிரியர்கள் மயக்கத்தைச் சுட்டிக் காட்டிய இடம் இதுவேதான். ‘வெயிற்சாந்து’ என்போம். உடலில் பூசுவதற்குச் சாந்தைவிடப் பழைய சொல் நம்மிடம் ஏது?

ஒப்பனைப் பயிற்சி நடத்துபவர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். மாணவியரிடம் சாந்து என்றால் பாதிப்பேருக்கு நெற்றிப் பொட்டும், மீதிப்பேருக்குச் சுவர் பூச்சும்தான் நினைவுக்கு வரும். மழைக்கோட்டு அணிந்தவரைப் பார்த்து, மழையைக் காக்கப் போகிறார் என்று எவரும் எண்ணுவதில்லை. வெயில்காப்பும் அப்படியே புரிந்துவிடும். காப்பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள்.

எனக்கு அவசரமான சொல் ஃபவுண்டேஷன்தான். பழைய கையேட்டில் அதை ‘அடிப்பூச்சு’ என்று பெயர்த்திருந்தார்கள். பெயரை நம்பி ஒரு மாணவி அதை முதலில் பூசி, அதன் மேல் சன்ஸ்கிரீனைத் தேய்த்தாள். அழிப்பானால் தாளைத் தேய்த்தால் துகள் வருமே, அதுபோலத் தாடையோரம் முழுவதும் பழுப்புத் திரிகள் உருண்டு வந்தன. மூக்கின் மேல் திட்டுத் திட்டாக நிறம் போயிற்று. ஈரப்பதக் களிம்பு, அதன் மேல் சன்ஸ்கிரீன், அது படியச் சில நிமிடக் காத்திருப்பு, பிறகே ஃபவுண்டேஷன் என்பதுதான் வரிசை. அதையும் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். ஒரு சொல் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. ‘நிறப்பூச்சு’ என்று வையுங்கள். நிறப்பூச்சில் 15, சன்ஸ்கிரீனில் 30, ஆகக் கூட்டி 45 என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். எண்கள் அப்படிக் கூடுவதில்லை என்பதையும் ஓர் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள்.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

களிம்பு என்று எல்லாரும் எளிதாக எழுதிச் செல்கிறீர்கள். சைவ சித்தாந்தத்தில், உயிரைப் பற்றிய மாசாகிய ஆணவ மலத்துக்கு உவமை செம்பில் ஏறிய களிம்பு. பயன்பாடு எதுவாயினும் அதை முகத்தில் பூசச் சொல்வது எனக்குக் கூசுகிறது. முகத்தில் தங்கும் வெளுப்புக்கு ‘நீறுபூத்தல்’ என்பேன். கருநிற முகத்தில் துத்தநாக ஆக்சைடு படிந்து சாம்பல் பூத்தாற்போல் தெரிவதை ‘வெண்படிவு’ என்னும் உயிரற்ற சொல்லால் காட்ட முடியாது.

மருந்தியல் படித்தவர் மீண்டும்:

நீறுபூத்தலை ஏற்கிறேன், அது முதல்தரமான சொல். இரும்பு ஆக்சைடு கலந்து நிறமேற்றிய வகைகளில் அது குறைவு என்பதையும் கையேட்டில் சொல்லுங்கள். பிராட் ஸ்பெக்ட்ரத்துக்கு ‘அகல் நிறமாலை’ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு நிறம் எங்கே, மாலை எங்கே? புறஊதா ஏ, புறஊதா பி இரண்டிலிருந்தும் காப்பதால் ‘இருகதிர்க் காப்பு’ போதும். எஸ்பிஎஃப் முதன்மையாக பி கதிரையே அளக்கிறது. சன்னல் கண்ணாடியையும் கடந்து வருவது ஏ கதிர். விலையைவிட உறையில் தேட வேண்டியவை இருகதிர்க் காப்பு, 30க்குக் குறையாத எண், காலாவதி நாள் ஆகியவைதாம். விலை உயர்ந்ததை வாங்கிவிட்டுப் பட்டாணி அளவு பூசுவதைவிட, மலிவானதை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் பூசுவது மேல்.

புதிய உறுப்பினர் எழுதியது:

கடையில் போய் வெயில்காப்பு கேட்டால் குடையை எடுத்துக் கொடுப்பார்கள். சன்ஸ்கிரீன் என்றே எழுதினால் என்ன?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

விடிந்தால் வெள்ளி, கோப்பை அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் ‘சன்ஸ்கிரீன் என்னும் வெயில்காப்பு’ என்றும், பிறகு வெயில்காப்பு என்றும் வைத்துள்ளேன். நிறப்பூச்சு, இருகதிர்க் காப்பு, நீறுபூத்தல் ஆகியவை அப்படியே உள்ளன. எஸ்பிஎஃப் எஸ்பிஎஃப்பாகவே நிற்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுவதை ‘மறுபூச்சு’ என்று எழுதியுள்ளேன்; ஒப்பனை கலையாமல் அதைச் செய்யும் முறைக்குப் பெயர் வைக்க நேரமில்லை. அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர் எழுதியது:

சாந்து போனால் போகட்டும். அந்த ‘ற்’ ஒன்றையாவது போட்டிருக்கலாம்.